லொட் சரக்கு நாட்குறிப்பு, திருகோணமலை

செப்டம்பர் 3, 2024

கொழும்பு புறக்கோட்டையில் இருக்கும் மொத்த வியாபாரி அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் மிச்சச் சரக்காம். ஆண்களின் நீளக்கை ரீசேட், 1,200 பீஸ், ஒன்று 250 ரூபா. எடுத்தால் முழு லொட்டையும், அதாவது மொத்தச் சரக்கையும் அப்படியே, எடுக்க வேண்டும்.

பழுதாகும் பீஸுக்கு ஈடாகத் தொழிற்சாலைகள் ஓடருக்கு மேல் கொஞ்சம் கூடவே வெட்டித் தைக்கும். கப்பல் ஏறியது போக மிஞ்சுவதுதான் எங்களிடம் வருகிறது. சைஸ் வாரியாகக் கணக்குக் கேட்டேன். "எல்லாம் கலவைதான் தம்பி, நம்பி எடுங்க" என்றார். பார்க்காமல் எடுப்பதாக இல்லை.

செப்டம்பர் 5

இரவு ரயிலில் போய் இறங்கி, அடியில் கிடந்த சாக்குகளைத்தான் முதலில் அவிழ்க்கச் சொன்னேன். மேல் சாக்கில் எப்போதும் நல்லதுதான் இருக்கும்.

எங்கள் ஊரில் ஓடக்கூடிய சைஸ் 700 அளவில் தேறியது. 400 ஐரோப்பிய உடம்புக்குத் தைத்த பெரிய சைஸ். மிச்சம் டமேஜ். மூன்று லட்சத்தை 1,200 ஆல் பிரித்தால் 250. நிச்சயமாக விற்கும் 700 ஆல் பிரித்தால் 430ஐத் தொடுகிறது. லொட்டின் உண்மையான விலை அதுதான். அந்தக் கணக்கை அண்ணனுக்கு முன்னாலேயே எழுதிக் காட்டினேன். நீண்ட பேச்சுக்கு அப்புறம் 210க்கு இறங்கினார். சரி என்று லொறி பேசினேன்.

செப்டம்பர் 9

சரக்கு வந்துவிட்டது. கழுத்து லேபல் எல்லாம் வெட்டியிருக்கிறது, அது வழக்கம்தான். எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் தனியாகக் குவித்தோம். சிலர் டமேஜை நல்ல கட்டுக்குள் செருகி அனுப்புகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. என்னிடம் எடுக்கும் கிண்ணியா நானா மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் விற்கிறவர். கிழிந்த ஒன்று அகப்பட்டாலும் அடுத்த முறை அந்த வீட்டு வாசலில் அவர்தான் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

செப்டம்பர் 14

நானா 300 பீஸ் எடுத்தார், ஒன்று 480 ரூபா படி. நிலாவெளியில் சீசன் முடிகிற நேரம், கடைக்காரர்கள் கொஞ்சமாகத்தான் கேட்கிறார்கள்.

பெரிய சைஸ் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் போகிறது! கடல் வெயிலுக்குக் கை மூடிய தொளதொள சேட்தான் தொழிலாளிகளுக்கு வசதி. டமேஜ் கராஜுக்குக் கிலோக் கணக்கில் போகும். பருத்தி என்பதால் எண்ணெயை நன்றாக உறிஞ்சும்.

அடுத்து பிள்ளைகளின் உடுப்பு லொட் ஒன்று பேசுகிறார்கள். தீபாவளி ஒக்டோபர் 31. அந்த மாதம் 10ஆம் திகதிக்குள் இங்கே இறங்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.