பச்சைப் புள்ளி நடுவில் நின்றால் போதுமா?

ஏர்பஸ் ஏ320 கீழே இறங்கத் தொடங்கியதும் புதிய துணை விமானிகளின் கண் போய் ஒட்டிக்கொள்வது, உயர அளவுகோலின் ஓரத்தில் மிதக்கும் சின்னப் பச்சைப் புள்ளியில்தான். எங்கள் பேச்சில் அது யோ-யோ. கணினி போட்டுவைத்த பாதைக்கு மேலே நாம் இருந்தால் புள்ளி கீழே போகும், கீழே இருந்தால் மேலே ஏறும். நடுவில் நின்றால் எல்லாம் சரி என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதுதான் வேகத்தையும் பார்க்க வேண்டும் என்று என்னோடு பறப்பவர்களிடம் விடாமல் சொல்கிறேன்.

டிசென்ட் மோடில், அதாவது கணினியின் பாதையிலேயே தானாக இறங்கும் முறையில், விமானம் பாதையை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இலக்கு வேகத்துக்கு மேலும் கீழும் சுமார் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வரை அதற்கு இடம் உண்டு. அந்த எல்லைகள் வேக அளவுகோலில் குறிகளாகத் தெரியும். நாம் கணினியில் பதிந்ததைவிடப் பின்காற்று பலமாக இருந்தால் யோ-யோ அசையாமல் நிற்கும், வேகம் மட்டும் மேல் எல்லையை நோக்கி ஏறும். எல்லையைத் தொட்டபின்தான் விமானம் பாதையை விடும், புள்ளியும் நகரும். புள்ளியை மட்டும் பார்த்திருப்பவருக்குச் சேதி தாமதமாகத்தான் வந்து சேரும்.

இன்னொன்று, யோ-யோவின் அளவு 500 அடியோடு முடிந்துவிடும். சென்னையை நெருங்கும்போது ஏடிசி, அதாவது தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, திடீரென்று ஒரு குறுக்குவழி தருகிறது, அதனால் வழியில் 20 மைல் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்ற எங்கள் கணக்குப்படி ஏறக்குறைய 6,700 அடி அதிக உயரத்தில் மாட்டிக்கொண்டோம். புள்ளியோ அளவுகோலின் அடியில் ஒட்டி நிற்கும். 600 அடி அதிகமானாலும் அங்கேதான், 6,000 அடி அதிகமானாலும் அங்கேதான். உண்மையான எண் வேண்டுமென்றால் கணினியில் ப்ரோக்ரஸ் பக்கத்தைத் திறக்க வேண்டும். அதைவிட, மூன்றால் பெருக்கும் கணக்கு மனசில் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது நல்லது. 36,000 அடியில் இருந்தால் 108 மைல், வேகம் குறைக்க இன்னும் சில மைல்.

ஏடிசி ஹெடிங் (பறக்க வேண்டிய திசை) கொடுத்துத் திருப்ப ஆரம்பித்துவிட்டால் யோ-யோவுக்குப் பெரிய மதிப்பில்லை. நாம் பறக்கும் வழி கணினியில் இருக்கும் வழி அல்லவே! அப்போது வழித்திரையில் ஒரு பச்சை வளைகோடு வரும். இப்போதைய உயரத்தையும் வேகத்தையும் கரைத்துத் தரையிறங்க எவ்வளவு தூரம் தேவை என்பதை அது காட்டும். விமான நிலையம் வளைகோட்டுக்கு அப்பால் இருந்தால் தூரம் போதும். கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் நாம் உயரம். எனக்கு மிகவும் பிடித்த குறி இது.

எந்த மோடில் இருக்கிறோம் என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதற்கு 1992 ஜனவரி 20 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் அருகே நடந்ததை நினைத்தாலே போதும். 3.3 பாகை சரிவு வேண்டிய இடத்தில் ஒரு ஏ320 விமானம் நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கி மலையில் மோதியது. 87 பேர் இறந்தார்கள். பாகை என்றால் "-3.3", இறங்கு வேகம் என்றால் "-33" என்றுதான் அன்றைய கட்டுப்பாட்டுப் பலகை காட்டியது. விமானிகள் மோடை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம் என்பதே விசாரணையில் முன்நின்ற விளக்கம். இரவில், வேலை குவிந்த நேரத்தில், ஒரு தசமப் புள்ளியை யார் கவனிப்பார்? பிற்பாடு இறங்கு வேகத்தை "-3300" என்று நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

சரி, உயரம் அதிகம் என்று தெரிந்துவிட்டது, அப்புறம்? ஓப்பன் டிசென்ட் (பாதையை விட்டு, இன்ஜினைக் குறைத்து இறங்கும் மோடு), கொஞ்சம் கூடுதல் வேகம், ஸ்பீட் பிரேக் (இறக்கையின் மேல் எழும் தடுப்புத் தகடுகள்). வளைகோடு அப்போதும் நிலையத்தைத் தாண்டியே நின்றால், "சார், ஏடிசியிடம் பத்து மைல் கூடுதலாகக் கேட்கட்டுமா?" என்று பக்கத்துச் சீட்டில் இருப்பவர் தயங்காமல் கேட்க வேண்டும். நான் உடனே சரி என்பேன்.