எல்ஷைமரின் செப்புத் தகடும் மும்பை மழையும்

ஜெர்மன் ஓவியர் ஆதாம் எல்ஷைமர் 1609-இல் ரோமில் செப்புத் தகட்டின்மேல் வரைந்த ‘எகிப்துக்கு ஓடிப்போதல்’ இப்போது மியூனிக்கின் ஆல்டே பினகோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 31 x 41 செ.மீ., ஏறக்குறைய ஒரு ஏ3 தாள். நடுவில் கழுதைமேல் மாதாவும் குழந்தையும், அருகே தீப்பந்தத்தோடு சூசையப்பர். இடப்பக்கம் இடையர்கள் மூட்டிய நெருப்பு, வலப்பக்கம் நிலா, கீழே தண்ணீரில் இன்னொரு நிலா. வானத்தில் சாய்வாகப் பால்வீதி, அதுவும் வெறும் வெண்புகையாக இல்லாமல் தனித்தனி விண்மீன்களாக. பால்வீதி விண்மீன்களின் திரள் என்று சொன்ன கலிலியோவின் தொலைநோக்கி நூல் வந்தது 1610 மார்ச்சில். அதனால் எல்ஷைமர் எதைப் பார்த்து வரைந்தார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

அவர் பிறந்தது 1578-இல், ஃபிராங்க்ஃபர்ட்டில். பயின்றது அவ்வூர் ஓவியர் உஃபென்பாக்கிடம். காட்டின் அடர்த்தியை இலை இலையாகத் தீட்டும் பழக்கம் அந்த ஜெர்மன் மண்ணுடையது. 1598-இல் வெனிஸில் ஓவியர் ராட்டன்ஹாமரோடு இருந்தார், 1600-இல் ரோமுக்குப் போனார். இருட்டைப் பெரிய பெரிய திரளாக வைத்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எல்லை வகுப்பது அங்கே சேர்ந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தப் படம் வெறும் இயற்கைக் காட்சியாகவோ வெறும் விளக்கு வித்தையாகவோ நின்றிருக்கும்.

இந்த நுணுக்கத்தைத் தாங்குவது செம்பு. கித்தானின் இழை அந்த விண்மீன்களை விழுங்கிவிடும். மும்பையில் இருந்துகொண்டு இப்படிச் செம்பில் வரைய நினைக்கும் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு: மாட்டுங்காவில் தஞ்சாவூர்ப் படம் போடுபவர்களுக்கு ஜூலையில் பலகை உப்புவது தெரியும். செம்பு ஈரத்துக்கு உப்பாது, சுருங்காது. ஆனால் கடற்காற்றின் உப்பு பட்டால் பச்சை பூக்கும்.

பைதோனி பக்கம் தாம்பா காண்டா செம்புக் கடைத்தெருவில் தகடு கேட்கும்போது 1 மி.மீ. கனம் கேளுங்கள். இந்த அளவுக்கு எடை சுமார் 1.14 கிலோ வரும். அதைவிட மெல்லியது கைபட்டால் வளையும். வளைந்த இடத்தில் பின்னாளில் வண்ணம் செதிலாக உதிரும். கண்ணாடிமேல் வைத்துச் சமம் பாருங்கள், ஓரங்களை அரம் கொண்டு மழுக்குங்கள்.

220, பிறகு 400 எண் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் மங்கல் வந்தால் போதும். அசிட்டோனால் துடைத்தபின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வியர்வை உப்பு விரல்ரேகையாகவே பச்சையாகும். அடுத்தது பழைய ஓவியர் கைமுறை: நறுக்கிய பூண்டுப் பல்லை மெல்லிசாகத் தேய்த்து உலரவிடுவது. அதன்மேல் வெள்ளை எண்ணெய் வண்ணத்தில் கொஞ்சம் அம்பர் (umber) என்ற மண்பழுப்பு நிறம் கலந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இரண்டு மெல்லிய பூச்சு. அம்பரில் இருக்கும் மாங்கனீசு உலர்தலை வேகப்படுத்தும், மழைக்காலத்தில் அது பெரிய உதவி. ஈய வெள்ளை நஞ்சு. வீட்டில் டைட்டானியம் போதும். கித்தானுக்குப் பூசும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நீரும் அம்மோனியாவும் செம்பை அரிக்கும், பிறகு தோலாக உரியும்.

பெரும்பாலோர் தவறுவது வானத்தில்தான். தகடு எண்ணெயைக் குடிக்காது. கூடுதலாக ஊற்றிய ஆளிவிதை எண்ணெய் மேலேயே நின்று தோல் கட்டிச் சுருங்கும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு இயல்பிலேயே மெதுவாக உலரும் நிறம், அதைக் கனமாகப் பூசினால் சுருக்கம் நிச்சயம். அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்த்த இருட்டை மூன்று நான்கு மெல்லிய பூச்சாகக் கட்டுங்கள்; ஒவ்வொன்றும் விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின்பே அடுத்தது. விண்மீனுக்கு மிக மெல்லிய 000 எண் தூரிகை, வெள்ளையில் துளி மஞ்சள், எண்ணெய் சேர்க்காமல். இழுக்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். புள்ளி சற்றே புடைத்து நின்றால்தான் பக்க வெளிச்சத்தில் மின்னும்.

தகட்டின் பின்புறத்துக்கும் வார்னிஷ் பூசுங்கள். சட்டத்தில் ஆணியால் இறுக்காமல், ஓரமெங்கும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்: செம்பு ஈரத்துக்கு அசையாவிட்டாலும் வெப்பத்துக்கு அசையும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். ஓரத்தில் பச்சைப் பொட்டு தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை மட்டும் மறுபடி வார்னிஷால் மூடுங்கள்.