ஜெருசலேமில் ஷபாத் விருந்து: எபிரேயம் படிக்கப் போகிறவர்களுக்கு

ஜெருசலேமில் எபிரேயம் படிக்க வருகிறவர்கள் சேரும் மொழிப்பள்ளிக்கு உல்பான் என்று பெயர். புதிதாகக் குடியேறியவர்களுக்காக 1949இல் இங்கே தொடங்கிய உல்பான் எட்சியோன்தான் இவற்றுக்கு முன்னோடி. எபிரேய எழுத்துகளின் பெயரில் ஆலெஃப் முதல் வாவ் வரை ஆறு நிலைகள். தொடக்கப் பாடநூல்களில் உயிரொலியைக் காட்டும் புள்ளிகள் அச்சாகியிருக்கும். செய்தித்தாளில் அவை கிடையாது. அதனால் இரண்டு நிலை முடித்தவரும் தலைப்புச் செய்தியிலேயே திணறுவார். பேச்சுக்குக் காது பழக, வெள்ளி இரவு ஒரு யூதக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் உட்காருவதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மரபைக் கடைப்பிடிக்கும் வீட்டில் ஷபாத் நேரத்தில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வு நாளில், எழுதக் கூடாது, போனைத் தொடக் கூடாது. கேட்ட சொல்லை மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப்பாடத்தை வெள்ளி காலையிலேயே முடித்துவிடுங்கள். ஞாயிறு இங்கே வேலைநாள், வகுப்பும் உண்டு.

முதலில் நேரம். பல ஊர்களில் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்றி ஷபாத்தைத் தொடங்குவார்கள். ஜெருசலேம் வழக்கம் 40 நிமிடம் முன்பு. டிசம்பரில் அது மாலை 4 மணியை ஒட்டி வந்துவிடும், ஜூன் கடைசியில் 7 மணி தாண்டும். மஹானே யெஹுதா சந்தை அதற்கு வெகு முன்னரே கடையைக் கட்டும். பேருந்தும் லைட் ரயிலும் பிற்பகலிலேயே நின்றுவிடும், மறுநாள் இரவுதான் மறுபடி ஓடும். எனவே நடந்து திரும்பும் தூரத்தில் விருந்து கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் அங்கேயே தங்கிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சனிக்கிழமை எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டுமென்றால், டமாஸ்கஸ் வாசல் பக்கத்து அரபுப் பேருந்துகள் அன்றும் ஓடும். டெல் அவிவுக்கு ஷேருத் என்னும் பகிர்வு வேன் உண்டு.

ஷபாத் தொடங்குவதை அறிவிக்க நகரத்தில் சைரன் ஊதுவார்கள். புதிதாக வந்தவருக்கு நெஞ்சு படபடக்கும். ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஒலித்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஏறி இறங்கி ஒலித்தால் அது ஏவுகணை எச்சரிக்கை. உடனே பாதுகாப்பு அறைக்கு ஓட வேண்டும். காசாவிலிருந்து வரும் ராக்கெட் என்றால் ஜெருசலேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 90 வினாடி. யூத இன அழிப்பு நினைவு நாளன்று காலை 10 மணிக்கு இரண்டு நிமிடம் ஒலிப்பதும் சீரான ஒலிதான். அப்போது நெடுஞ்சாலையில் கார்கள்கூட நின்றுவிடும், நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? வீட்டில் சமைத்தது வேண்டாம். உங்கள் பாத்திரம் கோஷெர் இல்லை, அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்டதில்லை. கோஷெர் முத்திரையுள்ள, 'பார்வே' என்று எழுதிய இனிப்புப் பொட்டலம் நல்லது. அதில் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை என்பதால் இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாப்பிடலாம். திராட்சை ரசத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோஷெர் ரசமானாலும், திறந்த புட்டியை யூதரல்லாதவர் எடுத்து ஊற்றினால் கண்டிப்பான வீடுகளில் அதை அப்புறம் குடிக்க மாட்டார்கள். சூடாக்கிப் பதப்படுத்திய 'மெவுஷால்' வகைக்கு இந்தத் தடை இல்லை. எதுவானாலும் ஊற்றும் வேலையை வீட்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

மேசையில் முதலில் பாட்டு, பிறகு ரசக் கிண்ணத்தை ஏந்திச் சொல்லும் கித்தூஷ் என்னும் வாழ்த்து. அடுத்து இரண்டு கைப்பிடியுள்ள குவளையால் கை கழுவுதல்: வலக்கையில் இரண்டு முறை, இடக்கையில் இரண்டு முறை நீர் ஊற்றுவார்கள், சிலர் மூன்று முறை. கழுவியதிலிருந்து ரொட்டியைக் கடிக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். மொழி மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குவார்கள். பேச வாய்ப்புக் கிடைத்ததென்று ஏதாவது கேட்பார்கள், எதிரே இருப்பவர் "ம்ம்" என்று தலையாட்டுவார். அவருக்குக் கோபமில்லை. இரண்டு ஹல்லா ரொட்டிகளை எடுத்து வாழ்த்துச் சொல்லி, உப்பில் தொட்டுத் தந்த பிறகு பேச்சு வெள்ளமாக வரும்.

குளியலறை விளக்கை அணைத்துவிட்டு வராதீர்கள். ஷபாத் முடியும்வரை வீட்டார் அதைப் போட மாட்டார்கள். தவறி அணைத்துவிட்டால் "போடுங்கள்" என்று உங்களிடம் நேராகச் சொல்லவும் விதி தடுக்கிறது. "அங்கே இருட்டாக இருக்கிறதே" என்று பொதுவாகச் சொல்வார்கள். குறிப்பறிந்து எழுந்து போவது உங்கள் கெட்டிக்காரத்தனம். மறுநாள் மதியத்துக்கான ஹமின், அதாவது இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்குக் கலவை, வெள்ளியன்றே சமைத்துப் பிளாட்டா என்ற சூட்டுத் தட்டில் ஏறியிருக்கும். அதன் மூடியையும் தொடாதீர்கள், எடுத்து மூடுவதற்குக்கூட விதிகள் உண்டு.

பேச்சு சீக்கிரமே அரசியலுக்கு வந்துவிடும். 2024 ஜூன் 25 அன்று, தோரா என்னும் யூத மறையைப் பயிலும் ஹரேதி (தீவிர மரபுவாத யூத) இளைஞர்களையும் ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஒரே குடும்பத்துக்குள் இதில் சண்டை நடக்கும். கேட்டுக்கொண்டிருங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7 ஷபாத்தும் சிம்ஹத் தோரா பண்டிகையும் சேர்ந்த நாள். பலரது போன் அணைந்திருந்தது. சைரனும் ராணுவ அழைப்பும் வந்த பிறகுதான் பல வீடுகளுக்கு விஷயம் தெரிந்தது. மதப்பற்றுள்ளவர்களும் காரை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார்கள், ஏனெனில் உயிர் காப்பது ஷபாத்தைவிடப் பெரிது. அந்த நாளையும் அதன்பின் காசாவில் நடந்ததையும் இந்த மேசையில் மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாகும். கிழக்கு ஜெருசலேமின் கடைத்தெருவில் அரபியில் வேறொரு கணக்கு ஓடுகிறது. இஸ்ரேலை யூத மக்களின் நாடு என்று வரையறுத்த 2018இன் தேசிய அரசுச் சட்டத்துக்கு முன்புவரை அரபியும் இந்நாட்டின் ஆட்சிமொழி.

சனி பகலில் யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவருக்குப் போனால் படம் எடுக்க வேண்டாம், குறிப்பேட்டையும் பையிலிருந்து எடுக்காதீர்கள். 1874இல் எழுந்த, ஹரேதிகள் வாழும் மெயா ஷெயாரிம் குடியிருப்பில் முழங்கையும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அங்கே தெருவில் கேட்பது பெரும்பாலும் ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ், எபிரேயப் பயிற்சிக்கு உதவாது.

மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ரசம், வாசனைப் பொருள், பின்னிய மெழுகுவர்த்தி மூன்றையும் வைத்து ஹவ்தாலா சொல்லி ஷபாத்தை வழியனுப்புவார்கள். அடுத்த நிமிடமே எல்லாருடைய போனும் செய்திகளைக் கொட்டத் தொடங்கும். 2023இன் நீதித்துறைச் சட்ட எதிர்ப்பும், பிறகு பணயக்கைதிகளுக்கான கூட்டங்களும் சனி இரவையே பிடித்துக்கொண்டது இதனால்தான். நீங்களும் முதல் வேலையாகப் பேனாவை எடுங்கள். பேருந்துக்கு அவசரப்பட வேண்டாம், முதல் வண்டிகளில் நிற்கக்கூட இடமிருக்காது.