லைனில் கேட்கும் குரல்

அக்டோபர் 18

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குன்னூரில் நாலு நாளாக வெயில் முகமே இல்லை.

சின்னவனின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இன்று வந்தது. மூளையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லையாம். வீட்டுக்காரி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏதாவது ஒன்று படத்தில் தெரிந்திருந்தால், "பாருங்க மச்சான், செய்வினையும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, இதுதான்" என்று காட்டியிருப்பேன். பையனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கி இது நாலாவது வருஷம். மனச்சிதைவு, இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரினியா என்கிறார்கள். கையில் காட்ட இன்னும் ஒன்றுமில்லை.

அக்டோபர் 21

காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர். பர்லியார் தாண்டும் வரை பனிமூட்டம். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தான்.

டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன், "ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கே, அப்போ நோய் எங்கேங்க இருக்கு?" என்று. நான் டெலிபோனில் கேபிள் ஜாயின்டராக 31 வருஷம் இருந்தவன் என்பது அவருக்குத் தெரியும். "எக்ஸ்சேஞ்சை போட்டோ எடுத்தா லைன் கோளாறு தெரியுமா ஐயா?" என்று திருப்பிக் கேட்டார்.

தெரியாது. மழைக்காலத்தில் பெட்ஃபோர்டு பக்கம் எத்தனை குழி தோண்டியிருப்பேன்! இந்த முனையில் போன் நன்றாக இருக்கும், அந்த முனையிலும் நன்றாக இருக்கும். நடுவில் ஜாயின்ட்டைத் திறந்தால் காகிதம் சுற்றிய கம்பிகள் ஈரத்தில் ஊறி, விரலில் தொட்டால் கூழாக ஒட்டும். மெக்கர் என்ற, கம்பியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டரை வைத்தால் முள் எழும்பாது. அப்படிப்பட்ட லைனில்தான் யாரோ மூன்றாம் ஆள் பேசுவது ஊடே கேட்கும். கிராஸ் டாக் என்போம்.

மூளையிலும் இப்படி லைன்கள் உண்டு. ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் சேர்க்கும் நரம்பு இழைக் கட்டுகளை வெண்பொருள் என்கிறார்கள். அதில் உள்ள நீர் இழையின் போக்கிலேயே அதிகம் பரவுமாம். அந்தப் பரவலை அளக்கும் தனி வகை ஸ்கேன் உண்டு. 2018-இல் பல நாட்டு ஸ்கேன்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் உள்ளவர்கள் 1,963 பேர், இல்லாதவர்கள் 2,359 பேர். நோய் உள்ளவர்களிடம் நீர் இழையின் போக்கிலேயே பரவும் அந்த ஒழுங்கு சராசரியாகக் கொஞ்சம் குறைவு. மூளையின் ஏதோ ஒரு மூலையில் மட்டும் என்றில்லை, பரவலாகவே குறைவு. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. ஒருத்தர் ஸ்கேனை மட்டும் வைத்து இவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் மச்சானுக்குக் காட்ட என்னிடம் படம் இல்லை.

அக்டோபர் 22

மழை. நாள் பூரா கரன்ட் இல்லை. அவன் எழுந்திருக்கவே இல்லை.

அக்டோபர் 26

பெரியவள் போனில் ஒரு மணி நேரம் படித்துக் காட்டினாள். எங்கோ கம்பி அறுந்துவிட்டது என்று நான் வைத்திருந்த கணக்கு தப்பு. மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒரு பகுதி, நம் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. இந்த நோயில் அதற்கும் நெற்றிப் பக்கத்துக்கும் தொடர்பு குறைவு. அதே தலாமஸுக்கும் புலன், அசைவு சம்பந்தப்பட்ட பக்கத்துக்கும் தொடர்பு மற்றவர்களைவிட அதிகம். ஒரு பக்கம் இளைப்பு, ஒரு பக்கம் மிகுதி. 1995-லேயே ஃபிரிஸ்டன், ஃபிரித் என்ற இருவர் இதை இணைப்புக் கோளாறாகப் பார்க்கலாமா என்று எழுதியிருக்கிறார்கள்.

என் தொழில் உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. செம்புக் கம்பி போட்டது போட்டபடி கிடக்கும். மூளை, விடலைப் பருவம் முழுக்கத் தேவையில்லாத இணைப்புகளைக் கழித்துக்கொண்டே வளர்கிறது. இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயசை ஒட்டித்தான். இங்கேதான் கோளாறு என்று குழி தோண்ட ஓர் இடம் இல்லை. 31 வருஷம் இடத்தைக் கண்டுபிடித்தே பழகியவனுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 30

ராத்திரி தலையணைமேல் துண்டு மாற்றப் போனேன். குளோசபின் என்ற மாத்திரையை இந்த நோய்க்கு ஆரம்பித்ததிலிருந்து தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனைந்துவிடுகிறது. விழித்துக்கொண்டு, "அப்பா, இப்ப என்னைத் திட்டினீங்களா?" என்றான்.

முன்பெல்லாம், "நான் வாயே திறக்கலடா, உனக்கு ஒண்ணும் கேக்கல" என்று கத்துவேன். அது பொய். அவனுக்குக் கேட்கிறது. நாம் பேசும்போது மூளையின் பேச்சுப் பக்கம், "இது நம்ம குரல்தான்" என்று கேட்கும் பக்கத்துக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பும். மனசுக்குள் பேசும்போதும் அப்படித்தான் என்கிறார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்பது ஒரு விளக்கம். தன் உள்ளத்துப் பேச்சே அந்நியக் குரலாக வந்து விழுகிறது. 1993-இல் லண்டனில் குரல் கேட்கும் நேரத்திலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பேச்சை உண்டாக்கும் ப்ரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது.

"நான் திட்டல கண்ணு. ஆனா உனக்குக் கேட்டிருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். தூங்கிவிட்டான்.

நவம்பர் 4

மனச்சிதைவு என்று சீட்டில் எழுதுகிறார்கள். சிதைவு என்றால் திரும்பி வராதது போல இருக்கிறது. இந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஜப்பானில் 2002-இல் பெயரையே மாற்றிவிட்டார்கள். கொரியாவில் 2011-இல் வைத்த பெயருக்கு நரம்பிசைக் கருவியில் தந்தியைச் சுருதி கூட்டுவதுதான் அடிப்படையாம். நமக்கும் யாராவது ஒரு நல்ல சொல் தர வேண்டும்.

நவம்பர் 9

குளோசபினுக்காக வாராவாரம் ரத்தப் பரிசோதனை. வெள்ளணு குறைகிறதா என்று 18 வாரம் தவறாமல் பார்க்க வேண்டும். நேற்று ஏழாவது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

பேப்பரைச் சத்தமாகப் படித்தால் குரல் அடங்குகிறது என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான். சாயந்திரம் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அது என்ன கண்ணு சொல்லுது?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணுக்கும் ஆகாத சோம்பேறின்னு" என்றான்.

காலேஜை விட்டுவிட்டுப் பகலெல்லாம் படுத்தே கிடந்த வருஷம் அவனைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை. எழுந்திருக்க முடியாமல் போவதும் நோயில் ஒரு பகுதிதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுப் பேச்சால் இந்த நோய் வருவதில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், நம்புகிறேன். வார்த்தை என்னுடையதுதான்.

"அது அன்னைக்கு நான் சொன்னது கண்ணு. தப்பாச் சொல்லிட்டேன். இப்ப சொல்றது நான் இல்ல."

தலையாட்டினான். பேப்பரை எடுத்து, கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்த செய்தியை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.