மண்ணை எண்ணப் போகும் தம்பி தங்கைகளுக்கு

"நிகர எண்ணிக்கை 100 என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் வழு எவ்வளவு?"

மண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களை டிடெக்டரில் எண்ணிய என் இறுதி வருட ஆய்வுக்கான வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஓர் எண்ணிக்கையின் வழு அதன் வர்க்கமூலம். நூறின் வர்க்கமூலம் பத்து. யோசிக்காமல் "பத்து" என்றேன். பரீட்சகர் பேசாமல் வெண்பலகையைக் காட்டினார். மண் மாதிரியை வைத்து எண்ணியபோது 400. சுற்றுப்புறத்திலிருந்து வருவதை அறிய, வெறும் பாத்திரத்தை அதே நேரத்துக்கு வைத்து எண்ணியபோது 300. கழித்தால் 100. ஆனால் எண்ணிக்கைகளைக் கழிக்கும்போது வழுக்கள் கழிபடுவதில்லை. 400 ஐயும் 300 ஐயும் கூட்டி, 700 இன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். ஏறக்குறைய 26. நான் பெருமையாக எழுதி வைத்த விடையில் கால்வாசி நிச்சயமில்லாதது என்பது அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது அதே ஆய்வுகூடத்தில் தற்காலிகப் பணியில் இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் கதிர்வீச்சு அளவீட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, நான் தடுக்கி விழுந்த இடங்களிலேயே வந்து நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் பொகவந்தலாவைப் பக்கம். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் பலாங்கொடை. 1904 இல் ஆனந்த குமாரசுவாமி அந்தப் பக்கத்தில் கண்டெடுத்த கனிமம்தான் தோரியம் நிறைந்த தோரியனைட்டு. உயர்தரத்தில் தமிழில் பௌதிகவியல் படித்தபோது கதிர்த்தொழிற்பாடு எங்கோ வெளிநாட்டுச் சங்கதி என்றே நினைத்திருந்தேன். நம் காலுக்கடியிலேயே ஆய்வுப் பொருள் கிடக்கிறது. தலைப்புத் தேடி அலைய வேண்டாம்.

மண் எடுப்பதற்கு முன் தோட்ட நிருவாகத்திடம் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அடுத்ததாகக் கங்காணியிடம் போங்கள். அந்த மலைக்குக் கடைசியாக எப்போது உரம் போட்டார்கள் என்று கேளுங்கள். இதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. பொட்டாஷ் உரத்தில் கதிர் வீசும் பொற்றாசியம்-40 உண்டு. ஒரு கிலோ பொற்றாசியம் குளோரைட்டில் ஏறக்குறைய 16,000 பெக்கரெல், அதாவது செக்கனுக்கு அத்தனை அணுச் சிதைவு. உலக மண்ணின் சராசரி ஒரு கிலோவுக்கு 400 அளவில்தான். உரம் போட்ட மறுவாரம் தேயிலை மலையில் அள்ளிய மண்ணையும் லயத்துப் பின்பக்க மண்ணையும் ஒப்பிட்டுவிட்டு, பாறைதான் வித்தியாசம் என்று எழுதினால் அது பிழை.

எல்லாவற்றையும்விட என்னைப் படாதபாடு படுத்தியது மூடிதான். மண்ணைக் காயவைத்து, வேர் பொறுக்கி, சலித்து, நிறுத்துப் பாத்திரத்தில் அடைக்கிறோம். பொற்றாசியத்தை உடனேயே எண்ணலாம், அதன் காமாக் கதிர் 1460 கிலோ இலத்திரன்வோல்ற்றுச் சக்தியில் நேரடியாகத் தெரியும். யுரேனியம் ஒன்றிலிருந்து இன்னொன்றாகச் சிதைந்துகொண்டே போகும் யுரேனியத் தொடர் அப்படியில்லை. அந்தத் தொடரிலுள்ள ரேடியத்தின் அளவை, அதற்குப் பின்னால் வரும் ஈயம்-214, பிசுமத்து-214 ஆகியவற்றின் காமாக் கதிரை வைத்துத்தான் அறிகிறோம். இடையில் ரேடன் என்ற வாயு இருக்கிறது. அது கசிந்தால் அதற்குப் பின்னாலுள்ள எல்லாமே குறைந்துவிடும். ரேடனின் அரைவாழ்வுக் காலம் 3.8 நாள். பாத்திரத்தை மூடிய ஐந்தாம் நாளில் எண்ணினால், ரேடன் ரேடியத்தோடு 60 சதவீதம் அளவுக்குத்தான் சமநிலைக்கு வந்திருக்கும். நான்கு வாரம் காத்திருந்தால் 99 சதவீதத்தைத் தாண்டும்.

நான் காத்திருந்தேன். ஆனால் சாதாரண ரேப்பைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். 28 ஆம் நாள் பாத்திரத்தைத் தூக்கியபோது மூடி விரலோடு சுழன்றது. பன்னிரண்டு மாதிரியில் ஐந்து அப்படி. அந்த ஐந்துக்கும் மறுபடி நான்கு வாரம். மூடியின் விளிம்பில் பசை பூசி, அதன்மேல் ரேப் சுற்றி, மூடிய திகதியைப் பாத்திரத்திலேயே எழுதுங்கள். ஒரு மாதிரியையாவது ஒரு வாரம் விட்டு மறுமுறை எண்ணுங்கள். எண் விழுந்திருந்தால் எங்கோ கசிகிறது.

வெறும் பாத்திரத்தை எண்ணுவது நேர விரயம் என்று தோன்றும், டிடெக்டருக்கு வரிசையில் பலர் நிற்கும்போது இன்னும் அதிகமாகவே தோன்றும். தயவு செய்து அதைக் குறைக்காதீர்கள். மாதிரிக்குக் கொடுத்த நேரத்தை அதற்கும் கொடுங்கள். என் 26 அங்கிருந்துதான் வந்தது.

லயன் காம்பராவுக்குள் ரேடன் அளப்பவர்களுக்கு ஒன்று. குளிருக்கு இரவெல்லாம் கதவு சன்னலைச் சாத்தி வைக்கிற ஊர் நம்முடையது. இராத்திரி அளவும் பகல் அளவும் ஒன்றாக இருக்காது, ஒரு நாள் அளவை நம்பவே முடியாது. அல்பாத் துணிக்கைகள் விடும் தடத்தைப் பதியும் பிளாஸ்ரிக் தடப் பதிவிகளை மூன்று மாதமாவது தொங்கவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். உலக சுகாதார நிறுவனம் சொல்லும், கன மீற்றருக்கு 100 பெக்கரெல் என்ற அளவும் ஆண்டுச் சராசரிக்கே உரியது.

ஆய்வுக்கு வைத்தியசாலைப் பக்கம் போகிறவர்கள், நோயாளியின் எக்ஸ்றே விபரத்தைத் தொடுவதற்கு முன் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியை எடுத்துவிடுங்கள். அது வர மாதக்கணக்காகலாம். முதல் நாளே விண்ணப்பியுங்கள்.

மண் அள்ளும்போது சனம் கேட்கும். எங்கள் லயத்துப் பெரியம்மா கேட்டார்: "ஏம்புள்ள, எங்க மண்ணுல வெசமா இருக்கு?" அவருக்குப் பயம். அந்த மண்ணில்தான் அவர் போஞ்சி போடுகிறார். "எந்த ஊரு மண்ணுலயும் இது கொஞ்சம் இருக்கும் பெரியம்மா. எவ்வளவுன்னுதான் எண்ணப் போறேன், வந்து சொல்றேன்" என்றேன். எண்ணாமல் "பயமில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆய்வு முடிந்ததும் போய்ச் சொன்னேன். உலக சராசரியைவிடத் தோரியம் கொஞ்சம் கூட, போஞ்சி போடுவதை நிறுத்துமளவுக்கு ஒன்றுமில்லை.

அவர் உள்ளே போய் ஒரு சொப்பிங் பையோடு வந்தார். மகனுடைய புது வீட்டுத் தோட்டத்து மண், இரண்டு கிலோ இருக்கும். "இதயும் பாத்துரு." அதைச் சலித்து, பசை பூசி மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பதினேழாம் நாள்.