பந்து நோட்டில் கிடைத்த கோச்

"நம்ம காலேஜ்ல விளையாடின பழைய ஆட்களையும் கோச்களையும் கௌரவிக்கணும். ஒரு பத்துப் பேர் பட்டியல் கொடுங்க" என்று முதல்வர் சொன்னபோது, ஒரு வாரத்து வேலை என்றுதான் நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது.

நான் விளையாட்டுத் துறை ஆள் இல்லை, இயற்பியல் எடுப்பவன். படித்ததும் இதே கல்லூரியில் என்பதால், "உங்களுக்குத்தான் பழைய ஆட்களைத் தெரியும்" என்று வேலை என் தலையில் விழுந்தது. எங்களுடையது சின்னக் கல்லூரி. எவ்வளவு சின்னது என்றால், கால்பந்து அணியின் கோல்கீப்பரே வாலிபாலில் ஸ்மாஷர், தடகளம் வந்தால் குண்டு எறிபவரும் அவர்தான். பெரிய பல்கலைக்கழகங்களில் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருப்பார். எங்களிடம் இருந்தது ஓர் இரும்பு அலமாரி. அதற்கும் சாவி இல்லை.

ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். முதல் கூட்டத்தில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் பெயர்கள் பறக்கத் தொடங்கின. அவரவர் காலத்து நாயகர்கள் அவரவருக்கு. இந்தப் பதினான்கு மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், "பெயரை அப்புறம் பேசுவோம், விதியை முதலில் எழுதுவோம்" என்று சொன்னதுதான். ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு எழுதும் விதி அந்தப் பெயருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகத்தான் இருக்கும்.

மாதிரிக்கு அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள, பேஸ்பாலின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் முறையைப் பார்த்தோம். 1936-இல் அங்கே முதல் தேர்வு நடந்தபோது, பேப் ரூத், டை காப் உட்பட ஐந்து பேர்தான் தேறினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 75 சதவீதம் பேர் சரி என்றால்தான் உள்ளே. ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. இரண்டையும் எடுத்துக்கொண்டோம். ஏழு பேரில் 75 சதவீதம் என்றால் ஐந்தேகால் ஆள்! ஆறு ஓட்டு என்று வைத்துக்கொண்டோம்.

இதில் சின்னக் கல்லூரிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு வகுப்புத் தோழர், மாணவர் அல்லது உறவினர். சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று எழுதினோம். இரண்டு பேர் வெளியே போனால் மிச்சம் ஐந்து பேரில் எத்தனை ஓட்டு வேண்டும் என்று எழுத மறந்தோம். அது முதல்முறை வந்தபோது ஒரு மணி நேரச் சண்டை. வெளியே நின்ற இருவரும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னும் முடியவில்லையா என்று எட்டிப் பார்த்தார்கள்.

அலமாரியைப் பூட்டு உடைத்துத் திறந்தோம். உள்ளே ஆண்டுமலர்கள், கறுத்துப்போன கேடயங்கள், எலி கடித்த சான்றிதழ்கள், குழுப் படங்கள். படத்துக்குக் கீழே "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று பெயர்கள். பாதிப் படங்களில் பெயர்களின் எண்ணிக்கையும் தலைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. கூடவே, கையால் எழுதிய சாதனைப் பதிவேடு ஒன்று கிடைத்தது. இது போதும், வேலை முடிந்தது என்று குதித்தோம். உண்மையில் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

அதன் முதல் பக்கத்தில் "100: 10.2" என்று இருந்தது. குழுவில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பத்தே புள்ளி இரண்டா? இவர் ஒலிம்பிக் போக வேண்டிய ஆள் சார்!" எனக்கு உதைத்தது. அதே பக்கத்தில் கீழே பார்த்தால் 220, 440, 880 என்று ஓட்டங்கள். மீட்டரில் 440 ஏது? எல்லாம் கஜக் கணக்கு. 100 கஜம் என்பது 91.44 மீட்டர்தான். மிச்சமிருக்கும் எட்டரை மீட்டரையும் அதே வேகத்தில் ஓடியிருந்தால் 11 நொடிக்குச் சற்று மேல் வரும். கரி மண் தடத்தில் அதுவும் நல்ல ஓட்டம்தான். ஆனாலும் எழுந்து நின்றவர் முகம் வாடிப்போய் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அப்புறம் கடிகாரம். பழைய நேரங்கள் எல்லாம் கையில் பிடித்த ஸ்டாப்வாட்சில் எடுத்தவை. துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும் என்பதால், கை நேரம் எப்போதும் சற்றுக் குறைவாகவே காட்டும். 100, 200 மீட்டர் ஓட்டங்களில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது வழக்கம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 நொடியில் ஓடி, நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்தார். பத்தில் ஒரு பங்கு வரை மட்டுமே எழுதும் கை நேரக் கணக்கில் அந்த இருவரையும் பிரித்திருக்கவே முடியாது. எங்கள் பதிவேடோ, இரண்டு வெவ்வேறு காலத்து வீரர்களில் யார் வேகமானவர் என்று அதே கணக்கை வைத்து முடிவு செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஈட்டி எறிதலில் இன்னும் மோசம். 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இப்படியே போனால் மைதானம் போதாது என்ற பயமும், ஈட்டி தட்டையாக விழுந்து எங்கே குத்தியது என்றே தெரியாத தொல்லையும் சேர்ந்து, 1986-இல் ஆண்களுக்கான ஈட்டியின் எடைமையத்தை முன்னால் நகர்த்தினார்கள். மூக்கு சீக்கிரம் இறங்கும், தூரம் குறையும். எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே எறிந்தவர் பெயர் இன்னும் சாதனைப் பலகையில் இருக்கிறது. அவருக்குப் பிறகு வந்த எல்லோரும் வேறு ஈட்டியோடு அவரைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே எண்களை வைத்து வரிசைப்படுத்துவதைக் கைவிட்டோம். ஒருவர் தன் காலத்தில், தன்னோடு நின்றவர்கள் நடுவில் எப்படி இருந்தார் என்று மட்டும் பார்ப்பது என்று முடிவானது. இயற்பியல்காரனான எனக்கு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

பெண்கள் பெயர் வந்தபோது, பழைய வீராங்கனை ஒருவரைப் பற்றிக் குழுவில் ஒருவர் கேட்டார்: "ஓட்டத்தில் 100, 200 மட்டும்தானே இருக்கு, நீண்ட தூரம் ஒன்றும் இல்லையே?" ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கான 800 மீட்டரை 1928-இல் ஒருமுறை நடத்திவிட்டு நிறுத்தினார்கள், திரும்ப வர 1960 ஆனது. மாரத்தான் 1984-இல்தான். மும்முறைத் தாண்டுதல் 1996. வைக்காத போட்டியில் அவர் எப்படி ஜெயித்திருக்க முடியும்? இதைச் சொன்னதும் கேட்டவர் ஒப்புக்கொண்டார். அந்த அம்மாவைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறி, பெண் வீரர்களில் பாதிப் பேர் பதிவேட்டிலிருந்து காணாமல் போயிருந்தார்கள். கடைசியில் அவரோடு ரிலே ஓடியவரின் தங்கை மூலமாகத்தான் தொடர்பு கிடைத்தது. போனில் விஷயத்தைச் சொன்னதும் முதலில் கேட்ட கேள்வி: "மத்த மூணு பேரையும் கூப்பிட்டீங்களா?" அதன் பிறகுதான் தனி ஆட்களோடு அணிகளையும் சேர்க்கலாம் என்று விதியைத் திருத்தினோம்.

கோச்கள் விஷயம் எல்லாவற்றையும்விடக் கடினம். ஓடியவர் பெயர் சான்றிதழில் இருக்கும், ஓட வைத்தவர் பெயர் எங்கே இருக்கும்? இது எங்கள் கல்லூரியின் குறை மட்டும் இல்லை. வீரர்களுக்கு அர்ஜுனா விருது 1961-இல் வந்துவிட்டது. பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியா விருது வர 1985 ஆனது. முதல் ஆண்டு அதைப் பெற்றவர்களில் உஷாவின் கோச் நம்பியாரும் ஒருவர். கோப்பைக் கணக்கும் கோச்சுக்குப் பொருந்தவில்லை. பெரிய இடங்களில் ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பார்கள். இங்கே சேர்க்கைக்கு வந்த பையன்களில் உயரமானவனைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வா" என்பதுதான் மொத்தத் தேர்வும்.

எங்கள் பழைய பி.டி. சாரைப் பற்றி எல்லோரும் "நல்ல மனுஷன்" என்றார்கள். கோப்பில் ஏதாவது வேண்டுமே? தேடியபோது ஸ்டாக் ரிஜிஸ்டர்களுக்கு அடியில், விளையாட்டு அறையிலிருந்து பந்து கொடுத்த நோட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. தேதி, நேரம், பொருள், வாங்கியவர், கொடுத்தவர் கையெழுத்து, திரும்பப் பெற்றது. எறியப் போனவன் சும்மா புரட்டினேன். காலை 5.30, இரண்டு வாலிபால், கீழே அவர் கையெழுத்து. மறுநாள் 5.30. அதற்கு மறுநாளும் 5.30. பக்கம் பக்கமாக, நோட்டு நோட்டாக. தேர்வு விடுமுறையிலும் இருந்தது. அணி ஒரு போட்டியில்கூட ஜெயிக்காத ஆண்டுகளிலும் இருந்தது. அன்று இரவு நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணினேன், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். குழுவில் அந்த நோட்டுகளை மேசைமேல் வைத்தேன், வேறெதுவும் பேசவில்லை. ஏழு ஓட்டு.

அந்த நோட்டுகளில் இன்னொரு கையெழுத்தும் அடிக்கடி வந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் மார்க்கருடையது. வீரர், பயிற்சியாளர் என்று இரண்டு பிரிவுதான் வைத்திருந்தோம், அவர் எதிலும் அடங்கவில்லை. மூன்றாவதாக "துணை நின்றவர்கள்" என்று ஒன்று சேர்த்தோம். வயதில் மூத்த ஒருவர் "எதுக்கு சார் இதெல்லாம்" என்றார். ஓட்டில் அவர் தோற்றார்.

எல்லாம் இனிப்பாகவே போகவில்லை. பரிந்துரைக்கப்பட்ட இன்னொரு பயிற்சியாளரைப் பற்றி ஒரு முன்னாள் மாணவி போன் செய்தார். "அவரை மேடையில் ஏற்றினால் நான் வர மாட்டேன்" என்றார். காரணம் கேட்டேன், சொன்னார். தனித்தனியாக இன்னும் இருவரிடம் பேசினோம், அவர்கள் சொன்னதும் அதுவே. வெளியே எதுவும் பேசாமல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, கிடைத்த தகவலை எழுத்தாக முதல்வரிடம் கொடுத்தோம். கொடுத்த கௌரவத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு விதியும் சேர்த்தோம். அந்தப் பயிற்சியாளரிடம் படித்தவர்கள் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. சரி, இருக்கட்டும்.

நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தேர்வானவர்களுக்கு நேராகக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் இறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்றார் அவர் மனைவி. கோபப்படவில்லை. "அவர் இருக்கும்போது வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேரில் எத்தனை ஓட்டு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அன்றே வரிசையை மாற்றினேன். தேறியவர்களில் யார் பெரிய வீரர் என்பதைப் பார்க்காமல், வயதில் மூத்தவர் யாரோ அவருக்கு முதலில். இளையவர்கள் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். கடிதத்துக்கு முன்னால் போன்.

விழா பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேச்சுகள் நீண்டன, மைக் படுத்தியது. ஒரு பலகையில் இனிஷியல் தப்பு. பெயர்களைச் சரிபார்த்தவன் நான்தான் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. புதிதாகச் செய்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிலே அணியில் மூவர் வந்திருந்தார்கள், நான்காமவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொன்னார்கள். மார்க்கர் மேடைக்கு வரக் கூச்சப்பட்டு, கடைசி வரிசையிலிருந்து நடந்து வருவதற்குள் கூட்டம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

பி.டி. சாருக்குப் பொன்னாடை, கேடயத்தோடு, நோட்டின் ஒரு பக்கத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். மேடையிலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நன்றி சொல்வார் என்று மைக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். "திரும்பப் பெற்றது" என்ற கட்டத்தின் மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுல ரெண்டு பந்து இன்னும் வரலையே."

அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த அந்தக் காலத்து வாலிபால் கேப்டன், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்தவர், மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.