ஊசியைப் பற்றிக் கேட்ட படிவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எனக்கு, முதல் மாதத்தில் குளிரைவிடக் கடினமாகப் பட்டது, இரத்தத்தின் வழியே பரவும் கிருமிகளைப் பற்றிய பாதுகாப்புப் பயிற்சிதான். ஹெச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றையும் கல்லூரியிலேயே படித்தவள் என்ற மிதப்புடன் போய் உட்கார்ந்தேன்.

ஊசி குத்தினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று பயிற்றுநர் கேட்டபோது, என் விரல் தானாக வாய்ப்பக்கம் நகர்ந்தது. அரிவாள்மனை பட்டாலும் முள் குத்தினாலும் நாம் செய்வது அதுதானே. வாயில் வைக்கவும் கூடாது, பிதுக்கவும் கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள் என்றார். அந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் இடறினேன்.

புதுச்சேரியில் ஓர் இரவுப் பணியில், பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கைகளாலும் மூடி போடப்போய் எனக்குக் குத்தியிருக்கிறது. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம். பரிசோதனைக்குப் போனாலே ஊர் கதை கட்டிவிடும் என்று அஞ்சி, மூத்த செவிலியரிடம்கூட வாய் திறக்காமல் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டேன். ஹெச்.ஐ.வி. இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ 6 முதல் 30 விழுக்காடு என்று அப்போது தெரிந்திருந்தால், எதற்கு அஞ்சுவது என்பதாவது விளங்கியிருக்கும்.

அமெரிக்காவில் 1991இல் வந்த விதி, ஆண்டுதோறும் பயிற்சியையும் இலவச ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. 2000இல் இயற்றிய சட்டத்தையொட்டி ஊசிக்காயங்களுக்கெனத் தனிப் பதிவேடும் வந்தது. எந்த வகை ஊசி, எந்த நிறுவனத் தயாரிப்பு, எந்தப் பிரிவில், எப்படி நேர்ந்தது என்றெல்லாம் அது கேட்கிறது. காயம்பட்டவரின் அடையாளத்தையோ மறைத்துக் காக்கச் சொல்கிறது. ஊசியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் அந்தப் படிவத்தை இரண்டு முறை படித்தேன். அங்கேயும் வேலை நெருக்கடியில், முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றவேண்டிய, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி வாய்வரை நிரம்பி வழிவதைப் பார்த்திருக்கிறேன் என்பது வேறு கதை.

சென்ற விடுமுறையில் கடலூருக்கு வந்திருந்தபோது, புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சித்தி மகள், “யாரிடமும் சொல்லிவிடாதே அக்கா” என்று தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குத்தியிருக்கிறது. அன்று வியாழன் காலை ஒன்பது மணி. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாகத் தொடங்க முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. நாற்பது மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அரசு மருத்துவமனைக்குப் போகப் புதுச்சேரிப் பேருந்தில் ஏறினோம். அரியாங்குப்பம் வரை அவள் பேசவில்லை. பிறகு, அது எந்த வகை ஊசி, யாருக்கு இரத்தம் எடுத்தபோது குத்தியது என்று நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.